இளவரசன் கதை படிக்கும் மகளுக்கு எந்தப் படிப்பு?

வணக்கம் அம்மா. பிளஸ் ஒன்னில் பயோ-மேத்ஸ் எடுத்த மகள், பாடப்புத்தகத்துக்குள் 'தி செலக்‌ஷன்' நாவலை வைத்துப் படிக்கிறாள், இப்போது பி.ஏ. என்று வேறு பேசுகிறாள் என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். "ஒரு இளவரசன், அவனுக்காகப் போட்டி போடும் பெண்கள், இதில் படிக்க என்ன இருக்கிறது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது அம்மா.

கியரா காஸ் எழுதி 2012-இல் வந்த நாவல் அது. இல்லேயா என்ற வருங்கால நாட்டில் பிறக்கும்போதே ஆளுக்கு ஒரு எண். 1 என்றால் அரச குடும்பம், 8 என்றால் வீடு வாசல் இல்லாதவர்கள். நாயகி அமெரிக்கா சிங்கர் 5-இல் பிறந்தவள். பாட்டு, ஓவியம் மாதிரியான கலைதான் அவர்கள் பிழைப்பு. அவள் காதலிக்கும் ஆஸ்பென் 6, வீட்டு வேலை செய்பவர்களின் எண். கல்யாணமானால் கணவனின் எண்தான் மனைவிக்கும். அவனைக் கட்டிக்கொண்டால் அவளும் ஒரு படி கீழே போவாள், வறுமை இன்னும் கூடும். அதனாலேயே அந்தக் காதல் ஒளிந்து நடக்கிறது. இளவரசன் மேக்ஸனுக்குப் பெண் தேர்ந்தெடுக்க, அமெரிக்காவையும் சேர்த்து 35 பெண்கள் அரண்மனைக்குப் போகிறார்கள். ஒரு பெண் அங்கே இருக்கும்வரை அவள் வீட்டுக்குப் பணம் வரும். அந்தப் பெண்கள் ஏன் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கிறார்கள் என்பது அங்கேயே புரிந்துவிடும்.

இதில் உங்கள் மகள் எதைப் பார்க்கிறாள் என்பதுதான் எனக்கு முக்கியம். திட்டாமல், கதை கேட்கிற மாதிரி உட்கார்ந்து கேளுங்கள். மேக்ஸனா ஆஸ்பெனா என்பதோடு பேச்சு முடிந்தால் கவலை வேண்டாம், அந்த வயதுக்கு அது இயல்பு. அதை வைத்துப் படிப்பை முடிவு செய்யவும் வேண்டாம். "இந்த எண்ணை யார் கொடுத்தது, இது எப்படி நியாயம்?" என்று அவள் கொதித்தால், சமூகவியல், அரசியல் அறிவியல், சட்டம் ஆகியவற்றைப் பற்றி அவளிடம் பேசலாம். கதையை இப்படி முடித்திருக்கக் கூடாது என்று வாதாடினால் ஆங்கில இலக்கியம், எழுத்து, பதிப்புத் துறை.

ஆனால் விரும்பிப் படிப்பது வேறு, அதையே வேலையாகச் செய்வது வேறு. வாரம் ஒரு பக்கம், படித்ததைப் பற்றி அவளாக எழுதட்டும். இரண்டு மாதம் கழித்தும் நீங்கள் நினைவூட்டாமலே எழுதிக்கொண்டிருந்தால் அந்த ஆர்வத்தை நான் நம்புவேன்.

சட்டப் படிப்புக்கு பயோ-மேத்ஸ் தடையே இல்லை. திருச்சியில் இருக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர 'கிளாட்' என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 2 மணி நேரம், 120 கேள்விகள், பெரும்பாலும் பத்தியைப் படித்துவிட்டுப் பதில் சொல்வது. வேகமாகப் படித்துப் புரிந்துகொள்ளும் பெண்ணுக்கு அது நல்ல பலம். கணிதப் பகுதியும் உண்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணும் வேண்டும் என்பதால் பாடங்களை விட்டுவிடக் கூடாது என்று அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

அப்புறம், 'டைவர்ஜென்ட்' நாவலைக் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். 16 வயதில் ஒரு தகுதித் தேர்வு முடித்து, வாழ்நாள் முழுக்க எந்தப் பிரிவில் இருப்பது என்று முடிவு செய்யவேண்டிய ஊர் அது. நாயகிக்கு அந்தத் தேர்வில் ஒரே விடை கிடைக்காது. வெரோனிகா ராத் அதை எழுதியது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது. பொதுத்தேர்வு முடியும்வரை நாவலுக்குத் தினம் ஒரு மணி நேரம் என்று அவளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய பக்கங்களோடு அவளையும் அழைத்து வாருங்கள், அவளிடமே பேசுகிறேன்.