மூக்கு ஒழுகுகிறது, ஓடலாமா?

விளையாட்டு மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது. அரை மாரத்தானுக்காக 12 வாரப் பயிற்சி எடுத்து வருகிறேன். இது எட்டாவது வாரம். மூன்று நாளாக ஜலதோஷம். மூக்கு ஒழுகுகிறது, தொண்டை கரகரக்கிறது, காய்ச்சல் இல்லை. நேற்று ராத்திரியிலிருந்து லேசாக இருமலும் எட்டிப் பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை 16 கிலோமீட்டர் ஓட வேண்டிய நாள். “ஓடுப்பா, வியர்த்தால் சளி இறங்கிடும்” என்கிறார் என்னோடு ஓடும் அண்ணன் ஒருவர். வீட்டிலோ ஷூவை எடுத்தாலே திட்டுகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? இத்தனை வாரம் உழைத்தது வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அந்தப் பயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் காய்ச்சலோடு ஆட்களை ஓட வைப்பதும் அதுதான். ஒரு வாரம் ஓடாவிட்டால் ஏழு வார உழைப்பு போய்விடாது. முதல் சில நாட்களில் குறைவது பெரும்பாலும் ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி. மறுபடி ஓடத் தொடங்கியதும் அது சீக்கிரமே பழைய அளவுக்கு வந்துவிடும். தசை பலம் அதைவிட நிதானமாகத்தான் குறையும், சில வாரம் ஆகும். திட்டத்தில் ஒரு ஞாயிறு காலியாக இருந்தால் இருக்கட்டும்.

இனி உங்கள் ஜலதோஷத்துக்கு வருவோம். விளையாட்டு மருத்துவர்கள் நாங்கள் பல வருடங்களாகப் பயன்படுத்துவது ஒரு கழுத்துக் கணக்கு. அமெரிக்க மருத்துவர் ராண்டி ஐக்னர் 1990-களில் எழுதிப் பரப்பியது. தொந்தரவு கழுத்துக்கு மேலே மட்டும் என்றால், அதாவது மூக்கு ஒழுகல், தும்மல், தொண்டைக் கரகரப்பு என்றால், லேசான பயிற்சி செய்யலாம். நெஞ்சில் சளி, அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி, குளிர் நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் ஓய்வுதான். காய்ச்சல் இருந்தால் கழுத்தைப் பார்க்கவே வேண்டாம், படுத்துவிடுங்கள்.

‘வியர்த்தால் இறங்கிடும்’ என்கிறாரே உங்கள் அண்ணன், அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அது, 1998-இல் வெளிவந்தது. ஆரோக்கியமான 50 இளைஞர்களின் மூக்கில் ரைனோ வைரஸைச் செலுத்தி ஜலதோஷம் வரவைத்தார்கள். 34 பேர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 40 நிமிடம் மிதமான பயிற்சி செய்தார்கள், 16 பேர் செய்யவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் தொந்தரவின் அளவு ஒன்று, குணமாக எடுத்த நாளும் ஏறக்குறைய ஒன்று. பயிற்சியால் கெடுதலும் இல்லை, சளி சீக்கிரம் போகவும் இல்லை. வைரஸ் வியர்வையோடு வெளியே வருவதில்லை. ஆனால் அந்த இளைஞர்கள் செய்தது மிதமான 40 நிமிடம். 16 கிலோமீட்டர் அந்தக் கணக்கில் வராது.

ஆகவே ஞாயிறு 16 வேண்டாம். இருமல்தான் எனக்கு இடிக்கிறது. வறட்டு இருமலா, தொண்டையிலிருந்து வருகிறதா, மூச்சை ஆழமாக இழுத்தால் நெஞ்சு இறுகுகிறதா என்று கவனியுங்கள். நெஞ்சிலிருந்து வந்தால் நிறுத்திவிடுங்கள். தொண்டையோடு நின்றால், வழக்கமான வேகத்தில் பாதியில் பத்து நிமிடம் ஓடிப் பாருங்கள். உடம்பு லேசாக இருந்தால் இன்னும் இருபது நிமிடம் போகலாம். கால் கனத்தாலோ தலை பாரமானாலோ நடந்தே வீட்டுக்குத் திரும்புங்கள்.

இன்னொன்று, காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காருவதற்கு முன்பே நாடியைப் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். என்னிடம் வரும் ஓட்டக்காரர் ஒருவருக்குக் காலையில் எப்போதும் 54. போன மாதம் ஜலதோஷத்தோடு வந்து “எனக்கு ஒன்றுமில்லை டாக்டர்” என்றார். அவருடைய நோட்டில் அன்று காலைக் கணக்கு 66. மூன்று நாள் ஓடவேண்டாம் என்றேன். நான்காம் நாள் 56-க்கு வந்ததும் போகச் சொன்னேன். உங்கள் வழக்கமான எண்ணைவிடப் பத்து கூடினால் அன்றைக்கு ஓய்வு எடுங்கள்.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் இதயம் நிமிடத்துக்குச் சுமார் பத்து முறை கூடுதலாகத் துடிக்கிறது. அதன் மேல் ஓட்டத்தின் சுமையையும் ஏற்றக்கூடாது. அதைவிடப் பெரிய கவலை, காக்சாக்கி போன்ற சில வைரஸ்கள் இதயத் தசையையே தாக்கி அழற்சி உண்டாக்குவது. அபூர்வம்தான். ஆனால் இளம் விளையாட்டு வீரர்கள் திடீரென்று இறந்துபோவதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. வந்துவிட்டால் மூன்று முதல் ஆறு மாதம் மைதானத்தை மறந்துவிட வேண்டும்.

எனக்கு 19 வயதில், 800 மீட்டர் தேர்வு நாளன்று 38.5 டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் போட்டேன், ஒரு மணி நேரத்தில் நெற்றி குளிர்ந்தது, குணமாகிவிட்டது என்றே நம்பி ஓடினேன். 600 மீட்டரில் தொடையில் பலமே இல்லை. கடைசியாக வந்ததைவிட, அடுத்த மூன்று வாரம் ஒரு மாடி ஏறுவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், மாத்திரை போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் ‘காய்ச்சல் விட்டது’ என்று அர்த்தம். அதற்கப்புறமும் முதல் இரண்டு நாள் நடை, பிறகு மெதுவோட்டம். நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம், வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போகிறேன். தப்பா?

பதில்: வேண்டாம் என்பேன். சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரைகள் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியவை. மூச்சை அடக்கி எடை தூக்கும்போது அழுத்தம் இன்னும் ஏறும். தும்மலுக்குப் போடும் மாத்திரைகளில் பல தூக்கக் கலக்கத்தைத் தரும், பாரத்துக்கு அடியில் அது ஆபத்து. நீங்கள் போட்டிகளில் கலந்துகொள்பவர் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: சிறுநீரில் சூடோஎஃபெட்ரின் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் போட்டிக் காலத்தில் ஊக்கமருந்துக் குற்றம். அப்புறம், ஜலதோஷம் மற்றவர்களுக்குப் பரவ அதிக வாய்ப்புள்ளது முதல் இரண்டு மூன்று நாட்களில். மூக்கைத் துடைத்த கையால் நீங்கள் பிடித்த டம்பெல்லை அடுத்து ஒருவர் பிடிப்பார். அந்த நாட்களில் வீட்டிலேயே கை காலை நீட்டி மடக்குங்கள், போதும்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, ஜூடோ பழகுகிறாள். பத்து நாளாகத் தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, எந்நேரமும் சோர்வு. ஒரு நாள் வராவிட்டாலும் அணியிலிருந்து எடுத்துவிடுவேன் என்கிறார் அவளுடைய கோச். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. சாதாரண ஜலதோஷம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். பத்து நாள் கழித்தும் தொண்டை வலியும் நெறியும் இந்தச் சோர்வும் இருந்தால், எப்ஸ்டீன் பார் வைரஸால் வரும் சுரப்பிக் காய்ச்சலாக இருக்கலாம். அதில் மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் மேல் ஒரு அடி பட்டால் கிழிந்து உள்ளே ரத்தம் கசியக்கூடும். ஜூடோவில் விழாமல் இருக்க முடியாது. நோய் அதுதான் என்று உறுதியானால், தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது மூன்று வாரம் பயிற்சியே கிடையாது, மோதல் உள்ள விளையாட்டுக்கு மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகே போக வேண்டும். நாளைக்கே அவளை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இடது விலா எலும்புக்குக் கீழே திடீரென்று வலித்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம், அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். கோச்சிடம் நீங்களே நேரில் போய், மண்ணீரல் விஷயத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். அவள் வாயால் கேட்க வைக்காதீர்கள்.