அவுஃப்பவ்-செமினார் கடிதம் வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் லைசென்ஸ் எடுத்து 14 மாதம் ஆகிறது. 50-இல் போக வேண்டிய ஊருக்குள் 73-இல் போனதற்கு வந்த அபராதத்தை உடனே கட்டிவிட்டீர்கள். இப்போது லைசென்ஸ் அலுவலகம், ஜனவரி 31-க்குள் அவுஃப்பவ்-செமினார் என்ற பயிற்சி வகுப்பை முடித்துச் சான்றிதழ் கொடு என்கிறது. பணம் கட்டிய பிறகும் இது எதற்கு, பொங்கலுக்கு மன்னார்குடி போய்விட்டு வந்து சேரலாமா, போக்குவரத்துத் தவறுகளுக்காக அறை நண்பரின் பெயரில் ஏறியிருக்கும் 5 பாயிண்டையும் இந்த வகுப்பிலேயே கழிக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

எதற்கு என்றால், நீங்கள் இன்னும் ப்ரோபெட்சைட்டில், அதாவது சோதனைக் காலத்தில் இருக்கிறீர்கள். முதல் லைசென்ஸ் கிடைத்த நாளிலிருந்து 2 ஆண்டு அது. அந்தக் காலத்தில் செய்யும் தவறுகளை ஏ, பி என்று இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். வகுப்புக்கு அனுப்ப ஏ வகை ஒன்றே போதும், பி வகை என்றால் இரண்டு சேர வேண்டும். காரில் 21 கிலோமீட்டர் அதிகம் போனாலே ஏ. சிவப்பு விளக்கைத் தாண்டுவது, ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுப்பது, மது அருந்திவிட்டு ஓட்டுவது எல்லாம் ஏ. உங்களுடையது 23. ராடார் காட்டியது 76 ஆக இருந்திருக்கும். 100-க்குக் கீழே 3 கிலோமீட்டரைக் கழித்துக்கொண்டுதான் கணக்குப் போடுவார்கள். 115 யூரோ அபராதம், 28.50 யூரோ கட்டணமும் செலவும், ஒரு பாயிண்ட். இது ஒரு அலுவலகத்தின் வேலை. அது முடிந்ததும் தகவல், ஓட்டுநர்களின் தவறுகளையும் பாயிண்டையும் குறித்துவைக்கும் ஃப்ளென்ஸ்பூர்க் பதிவேட்டுக்குப் போகிறது, அங்கிருந்து உங்கள் ஊர் லைசென்ஸ் அலுவலகத்துக்கு வருகிறது. வகுப்புக்கு ஆணை போடுவது அந்த இரண்டாவது அலுவலகம். அபராதத்துக்கு மேல் இன்னொரு தண்டனை என்று நினைக்காதீர்கள். சட்டம் இதைத் தனி நடவடிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. இதோடு ப்ரோபெட்சைட்டும் 2 ஆண்டிலிருந்து 4 ஆண்டாக நீண்டுவிட்டது.

மறுப்புச் சொல்லக் கிடைத்த இடம் மஞ்சள் உறையில் அபராத ஆணை வந்தபோதுதான். தபால்காரர் அந்த உறையின் மேல் தேதி எழுதிவிட்டுப் போவார். அன்றிலிருந்து 2 வாரத்துக்குள் எழுத்தில் மறுப்புக் கொடுத்திருக்க வேண்டும். அந்த நாள் கடந்தபின் தீர்ப்பு உறுதி. இப்போது லைசென்ஸ் அலுவலகத்தில் போய், கேமரா தப்பு, நான் அவ்வளவு வேகத்தில் போகவில்லை என்றால் அவர்களால் அதைக் கேட்க முடியாது. உறுதியான தீர்ப்புக்கு அவர்கள் கட்டுப்பட்டவர்கள். வகுப்பு ஆணைக்கே எதிர்ப்புக் கொடுத்தாலும் கெடு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே இனி எந்த மஞ்சள் உறை வந்தாலும் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அதைக் கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.

50 எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை, எண் போட்ட பலகை எதுவும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் இருக்கவே இருக்காது தம்பி. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும்போது அய்யம்பேட்டை, பாபநாசம் என்று வரும் பலகைகள் ஊர் வந்துவிட்டது என்று மட்டும் சொல்பவை. இங்கே மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்தில் ஊர்ப் பெயர் போட்ட பலகையே வேகக் கட்டளை. அதைத் தாண்டிய அந்த நொடியில் 50. பலகைக்கு அப்புறம் இரண்டு பக்கமும் வெறும் வயலாக இருந்தாலும் 50தான். அதே பெயர் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தால் ஊர் முடிந்தது. வேறு பலகை இல்லாவிட்டால் அங்கிருந்து 100. நம் கண் எண்ணைத் தேடும், பெயரைப் படித்துவிட்டு விட்டுவிடும். இந்த ஒன்றைப் பழக்கிக்கொண்டால் இரண்டாவது கடிதம் வருவதற்கான பாதிக் காரணம் போய்விடும்.

இனி வகுப்பு. பெயர் அவுஃப்பவ்-செமினார். இதற்கென்று தனி அனுமதி பெற்ற பயிற்சியாளர்கள் டிரைவிங் ஸ்கூல்களில் நடத்துவது. 6 முதல் 12 பேர் கொண்ட குழு. 135 நிமிடம் வீதம் 4 அமர்வு. ஒரு நாளில் ஒரு அமர்வுதான். மொத்தமும் 2 வாரத்துக்குக் குறையாமல், 4 வாரத்துக்கு மிகாமல் முடிய வேண்டும். முதல் அமர்வுக்கும் இரண்டாவதற்கும் இடையில் ஓட்டிக் காட்டும் நாள் ஒன்று உண்டு. மூன்று மூன்று பேராகக் காரில் ஏறுவீர்கள், ஒவ்வொருவரும் குறைந்தது 30 நிமிடம் ஓட்ட வேண்டும். பயிற்சியாளரும் மற்ற இருவரும் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் அடுத்த அமர்வு போகும். தேர்வு கிடையாது, தோல்வி கிடையாது. சில நூறு யூரோ ஆகும், ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், கேட்டுப் பாருங்கள்.

தேர்வு இல்லை என்பதற்காகச் சும்மா உட்கார்ந்துவிட்டு வரவும் முடியாது. சான்றிதழ் மறுக்கப்படுவது மூன்று காரணத்தால்: ஒரு அமர்வு தவறியது, ஓட்டிக் காட்ட மறுத்தது, பேச்சில் கலந்துகொள்ள மறுத்தது. மூன்றாவதுதான் நம் பிள்ளைகளுக்குச் சிக்கல். முதல் நாளே ஒவ்வொருவரும் தன் தவறைத் தானே சொல்ல வேண்டும். மொழிக் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தால் பயிற்சியாளர் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. வீட்டிலேயே நாலு வாக்கியம் எழுதிச் சொல்லிப் பாருங்கள்: எந்த நாள், எந்தச் சாலை, என்ன வேகம், ஏன் கவனிக்கவில்லை. ‘இஹ் பின் ட்ரையுன்ட்ட்ஸ்வான்ட்சிஹ் கிலோமீட்டர் ட்சு ஷ்னெல் கெஃபாரன்’ (23 கிலோமீட்டர் அதிக வேகத்தில் போனேன்) என்று தொடங்கினால் போதும், இலக்கணம் யாரும் பார்க்கப் போவதில்லை. சில ஸ்கூல்களில் ஆங்கிலத்திலும் நடத்துகிறார்கள். பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், உட்கார்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

பொங்கல் விஷயத்துக்கு வருகிறேன். தை பிறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விடாதீர்கள். பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பி வந்தால் கெடுவுக்கு இரண்டு வாரம்கூட முழுதாக இருக்காது. வகுப்பு நடக்கவே குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். அது போக, 6 பேர் சேர்ந்தால்தான் ஸ்கூல் குழுவைத் தொடங்கும். சின்ன ஊரில் ஆறாவது ஆளுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேரும், கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை பல ஸ்கூல்கள் பூட்டியிருக்கும். இந்த வாரமே நாலைந்து ஸ்கூலுக்குப் போன் போட்டு, அடுத்த குழு எந்தத் தேதியில் நிச்சயமாகத் தொடங்கும், எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பக்கத்து ஊர் என்றாலும் பரவாயில்லை, நவம்பரில் தொடங்கும் குழுவில் சேருங்கள். விமான டிக்கெட் அதற்குப் பிறகு. உண்மையிலேயே எங்கும் இடமில்லை என்றால், அந்த ஸ்கூலிடம் எழுதி வாங்கி, கெடு முடிவதற்கு முன்பே லைசென்ஸ் அலுவலகத்தில் அவகாசம் கேளுங்கள். கெடு முடிந்தபின் கேட்பதில் பலனில்லை. சான்றிதழ் வராவிட்டால் லைசென்ஸைப் பறித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதில் அதிகாரிக்கு விருப்பத்துக்கு இடமில்லை. பறித்தபின் திரும்ப வாங்க, அதே வகுப்பையும் முடித்து, புதிதாக விண்ணப்பமும் போட வேண்டும்.

இன்னொன்று: இந்த நீண்ட 4 ஆண்டு முழுவதும் மது அளவு பூஜ்யம். பீர் அரைக் கோப்பை என்றாலும் 250 யூரோ, ஒரு பாயிண்ட், மறுபடி ஏ வகை. வகுப்பு முடித்தபின் இன்னொரு ஏ வந்தால் எழுத்தில் எச்சரிக்கையும் உளவியலாளரிடம் ஆலோசனை பெறப் பரிந்துரையும். அதற்கு மேலும் ஒன்று என்றால் லைசென்ஸ் போய்விடும்.

உங்கள் நண்பருக்கு இந்த வகுப்பு உதவாது. அவுஃப்பவ்-செமினார் ஒரு பாயிண்டைக்கூடக் கழிக்காது. அவருக்கு உரியது ஃபாரைக்னுங்ஸ்-செமினார், விருப்பத்தின் பேரில் போவது. வகுப்புக்குப் போனால் 4 பாயிண்ட் போகும் என்று மூத்தவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது 18 பாயிண்டில் லைசென்ஸ் போன காலத்துக் கணக்கு, 2014 மே 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது 8-இல் போய்விடும். 4-லும் 5-லும் அறிவுரைக் கடிதம், 6-லும் 7-லும் எச்சரிக்கை. 1 முதல் 5 பாயிண்டுக்குள் இருப்பவர் இந்த வகுப்பை முடித்தால் ஒரே ஒரு பாயிண்ட் குறையும், அதுவும் 5 ஆண்டுக்கு ஒரு முறை. 6 ஆகிவிட்டால் வகுப்புக்குப் போகலாம், பாயிண்ட் குறையாது.

அவர் 5-இல் நிற்கிறார் என்பதால் இதைக் கவனமாகப் படிக்கச் சொல்லுங்கள். டிரைவிங் ஸ்கூல் பகுதி 90 நிமிடம் வீதம் இரண்டு, நடுவில் குறைந்தது ஒரு வாரம் இடைவெளி. உளவியலாளரோடு தனியாக 75 நிமிடம் வீதம் இரண்டு, நடுவில் குறைந்தது 3 வாரம். ஆக, நினைத்த வாரத்தில் முடியாது. சான்றிதழ் எழுதப்படும் நாளில் எத்தனை பாயிண்ட் என்பதுதான் கணக்கு. பாயிண்டோ, தீர்ப்பு பின்னால் உறுதியானாலும், தவறு செய்த நாளிலேயே பிறந்ததாகக் கொள்ளப்படும். அதாவது போன மாதம் அவரை ஏதாவது கேமரா பிடித்து, கடிதம் இன்னும் வராமல் இருந்தால், அவர் இப்போதே 6-இல் இருக்கலாம். வகுப்புக்குக் கட்டும் பணம் அத்தனையும் வீண். முதலில் ஃப்ளென்ஸ்பூர்க்கில் தன் கணக்கைக் கேட்டு வாங்கட்டும், கட்டணம் இல்லை. இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையின் ஆன்லைன் வசதியைத் திறந்து வைத்திருந்தால் இணையத்திலேயே கேட்கலாம், இல்லாவிட்டால் பாஸ்போர்ட் நகலோடு தபாலில். முடித்தபின் சான்றிதழை 2 வாரத்துக்குள் லைசென்ஸ் அலுவலகத்தில் கொடுத்தால்தான் பாயிண்ட் கழியும். நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். உன் பாயிண்டை வேறொருவர் பெயரில் ஏற்றிவிடுகிறேன் என்று பணம் கேட்பவர் யாராவது வந்தால் பக்கத்திலேயே சேர்க்க வேண்டாம். அது குற்ற வழக்காகவும் ஆகலாம், விசாவையும் தொடலாம்.

பாயிண்ட் தவிர, ஒரு மாதம் ஓட்டவே கூடாது என்ற தடையும் உண்டு. இந்த வகுப்புகளால் அது தானாகக் குறையாது. ஊருக்குள் 31 கிலோமீட்டர் அதிகம் போனாலே 260 யூரோ, 2 பாயிண்ட், ஒரு மாதத் தடை. முந்தைய 2 ஆண்டில் தடை வாங்காதவர், எப்போது தொடங்குவது என்பதை 4 மாதத்துக்குள் தானே தேர்ந்தெடுக்கலாம். ஊருக்கு வரும் விடுமுறைக்குப் புறப்படும் அன்று லைசென்ஸை ஒப்படைத்துவிட்டு வருவது நல்ல வழி. ஒப்படைத்த நாளிலிருந்துதான் மாதம் ஓடும்.

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கமிருந்து இனிமேல் கிளம்பப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. இந்தத் தம்பி ஊரில் எல்.எல்.ஆர். மட்டும் எடுத்துவிட்டு வந்தவர், அதனால் முதல் நாளிலிருந்து ப்ரோபெட்சைட். ஊரில் முறையாக லைசென்ஸ் எடுத்திருந்தால் அந்த ஆண்டுகளை இங்கே கழித்துக்கொள்வார்கள். 2 ஆண்டைத் தாண்டியிருந்தால் ப்ரோபெட்சைட்டே கிடையாது, ஏ-யும் பி-யும் அவரைத் தொடாது. குடியேறி 6 மாதம் வரைதான் நம் லைசென்ஸில் ஓட்டலாம்; அதற்குப் பிறகு ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். மாற்றிக்கொள்ள எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு, ஆனால் கட்டாய வகுப்புகள் இல்லை. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். விண்ணப்பத்தில் புது லைசென்ஸ் என்று போடாமல் மாற்றம் என்று போடுங்கள், நீங்கள் முதலில் லைசென்ஸ் எடுத்த தேதி பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். ஜெர்மன் அட்டை கைக்கு வரும்போது நம் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் இரண்டு பக்கத்தையும் முன்னதாகவே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.