பல் முளைக்காத குழந்தை தானே எடுத்து உண்ணும் மதிய உணவு

கேள்வி: என் மகளுக்கு எட்டரை மாதம் ஆகிறது. கரண்டியால் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். எங்கள் தட்டில் இருப்பதை எட்டிப் பிடித்து வாயில் வைக்கிறாள். நான் வேலைக்குச் செல்வதால் மதியம் என் மாமியார் பார்த்துக்கொள்கிறார். இன்னும் பல் முளைக்காததால், துண்டாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்று அஞ்சி, எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்தே தருகிறார். விரைவில் தயாரிக்கக்கூடிய, குழந்தை கையால் எடுத்து உண்ணத்தக்க மதிய உணவுகளைக் கூறுங்கள்.

மருத்துவர் பதில்: உங்கள் மாமியாரின் அச்சம் அக்கறையால் வருவது, அதற்கே முதலில் விடை சொல்ல வேண்டும். உணவை அரைக்கும் கடைவாய்ப் பற்கள் எந்தக் குழந்தைக்கும் ஒரு வயது கடந்த பின்னரே முளைக்கின்றன. முன்பற்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வயதில் மெல்லும் வேலையைச் செய்பவை ஈறுகளே. எனவே பார்க்க வேண்டியது பல்லை அல்ல, உணவின் மென்மையை. ஒரு துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து லேசாக அழுத்தினால் அது மசிய வேண்டும். மசியாத எதையும் தரக்கூடாது.

அரைத்த உணவிலேயே நீண்ட காலம் நிறுத்திவைப்பதிலும் ஒரு பாதிப்பு உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1990களில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், ஒன்பது மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவை உண்ணத் தொடங்கியவர்களிடம், ஏழு வயதிலும் உணவு உண்பது தொடர்பான சிக்கல்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டன. உங்கள் மகள் தட்டை நோக்கிக் கை நீட்டுவதும், ஊட்டும்போது வாயை மூடிக்கொள்வதும் பிடிவாதம் அல்ல. அவள் தயாராகிவிட்டாள் என்பதற்கான அறிகுறிகள். சாய்ந்துகொள்ளாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை நிலையாக வைத்துக்கொள்கிறாள் என்றால் இப்போதே தொடங்கலாம்.

இதற்கெனத் தனிச் சமையல் தேவையில்லை. வீட்டுக்குப் பருப்பு வேகும்போதே, குக்கரில் ஒரு சிறு கிண்ணத்தில் கேரட், மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றைப் பெரியவர்களின் விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்தால் அவையும் வெந்துவிடும். ஒன்பது மாதம் வரை பல குழந்தைகள் உள்ளங்கையால்தான் பிடிப்பார்கள் என்பதால், கைக்கு வெளியே சிறிது நீட்டிக்கொண்டிருக்கும் நீளத் துண்டே ஏற்றது. இரு விரல்களால் கிள்ளி எடுக்கத் தொடங்கிய பின்னர்ச் சிறு துண்டுகளுக்கு மாறலாம். முதல் நாள் இட்லி மாவு இருந்தால், உப்புச் சேர்க்காமல் எடுத்துவைத்த மாவில் மென்மையான இட்லி வார்த்து, நீளவாக்கில் வெட்டி, சிறிது நெய் தடவித் தரலாம். நன்றாகக் குழைத்த பருப்புச் சாதத்தைச் சுண்டுவிரல் வடிவில் பிடித்துவைத்தாலும் குழந்தைகள் விரும்பி எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் காய், சோறு, இட்லி ஆகியவற்றோடு நின்றுவிட வேண்டாம். பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இரும்புச் சத்து ஆறு மாதத்துக்குள் பெருமளவு குறைந்துவிடுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஆகவே ஒவ்வொரு மதியமும் இரும்புச் சத்துள்ள ஒன்று தட்டில் இருக்க வேண்டும். ஊறவைத்து அரைத்த பாசிப்பருப்பில் பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை சேர்த்து, மொறுமொறுப்பாக விடாமல் மெத்தென்று வார்த்த அடை, சில நிமிடங்களில் தயாராகும் நல்ல உணவு. அசைவம் உண்ணும் குடும்பமானால், முழுவதும் வெந்த ஆம்லெட்டின் கீற்றுகள், கையால் உதிர்த்து முள் பார்த்த மீன், நன்கு வெந்து மென்மையான கோழி இறைச்சி ஆகியவற்றைத் தரலாம். கோழி ஈரல் வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். கூடவே தோல், விதை நீக்கிய தக்காளியோ கனிந்த பப்பாளியோ கொடுத்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு நன்றாக உட்கிரகிக்கப்படும். முட்டை, மீன் போன்றவற்றை முதன்முறை தரும்போது ஒரு நாளில் ஒன்றை மட்டும், சிறிதளவு தந்து கவனியுங்கள்.

நீங்கள் காலையிலேயே கிளம்புவதால் ஓர் எச்சரிக்கை: சமைத்ததை மதியம் வரை வெளியே வைக்கக்கூடாது, நம் ஊர் வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். காய்களை நறுக்கியும் மாவை அரைத்தும் குளிர்பெட்டியில் வைத்துச் செல்லுங்கள். மாமியார் மதியம் வேகவைத்தோ வார்த்தோ உடனே தரட்டும்.

உண்ணும்போது குழந்தை ஓங்கரிப்பது இயல்பு. முகம் சிவந்து, இருமலும் ஓசையுமாக அவளே வெளியே தள்ளிவிடுவாள்; அப்போது பதறி வாய்க்குள் விரலை விடக்கூடாது, அது துண்டை இன்னும் உள்ளே தள்ளிவிடும். ஓசையின்றி, இரும முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால் அதுவே மூச்சடைப்பு. குழந்தையைத் தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டி, வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவே இரு விரல்களால் 5 முறை அழுத்தி, துண்டு வெளிவரும் வரை மாறிமாறிச் செய்ய வேண்டும். அதே வேளையில் வேறொருவர் 108-ஐ அழைக்கட்டும். உங்கள் மாமியார் இதை ஒரு செவிலியரிடம் நேரில் செய்து பழகிக்கொண்டால் அவருடைய அச்சமும் குறையும். குழந்தை உண்ணும் நேரம் முழுவதும் ஒருவர் எதிரே அமர்ந்திருக்க வேண்டும்; படுத்தபடியோ வாக்கரில் நகர்ந்தபடியோ ஒருபோதும் உண்ணக்கூடாது.

முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட், வேகாத ஆப்பிள், பொரி, முறுக்கு ஆகியவை வேண்டவே வேண்டாம். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை சேர்க்காதீர்கள். தேனைத் தொட்டுக்கூட வைக்காதீர்கள், அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி பச்சிளம் குழந்தைகளின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கும்.

தொடக்கத்தில் பாதி உணவு தரையில்தான் கிடக்கும். தாய்ப்பால் தொடர்வதால் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். குழந்தை முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள். ஒன்பது மாதத்தில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசிக்குச் செல்லும்போது எடையையும் உயரத்தையும் வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். எடைக் கோடு கீழ்நோக்கிச் சென்றாலோ, ஒவ்வொரு வேளையும் இருமலோடு முடிந்தாலோ, குழந்தைநல மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.