வாசகர் கேள்விகள்: ஆசியவியல் துறைக்குள் என்ன நடக்கிறது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உள்ள ஆசியவியல் துறைகளைப் பற்றி வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு துறையில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் நான். எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மதுரையில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். ஆசியாவைப் பற்றிப் படிக்க ஆசியாவில் இருப்பவர்கள் எதற்காக அமெரிக்கா போக வேண்டும்?

பதில்: போயே தீர வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல ஆய்வு மதுரையிலிருந்தும் வரும், சென்னையிலிருந்தும் வரும். ஆனால் அங்கே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, அவற்றுக்காகப் போவது நியாயம்தான்.

ஒன்று நூலகம். பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் பெயர் ரேஷன் கடைக் கோதுமையோடு சேர்ந்து நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி, அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. நாவல், பக்தி நூல், கட்சிப் பிரசுரம் என்று வகை பார்க்காமல் வாங்கினார்கள். அதனால்தான் நம் ஊர்ப் பழைய புத்தகக் கடையிலும் அகப்படாத ஒரு சின்னப் பதிப்பகத்தின் சிறுகதைத் தொகுப்பு சிகாகோவில் ரீகன்ஸ்டைன் நூலக அலமாரியில் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகம் தமிழுக்கு இன்னொன்றும் செய்தது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தமிழ்ப் புத்தகச் சேகரிப்பை அவர் மறைவுக்குப் பிறகு வாங்கி, கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே 1994-ல் ஆராய்ச்சி நூலகமாக வைத்தது. உங்கள் ஊரிலிருந்து ஒரு ராத்திரி பஸ்ஸில் போய்விடலாம். அமெரிக்காவைப் பற்றி யோசிக்கும் முன் அங்கே ஒரு மாதமாவது உட்கார்ந்து படியுங்கள்.

இன்னொன்று, பக்கத்து அறையில் இருப்பவர். நம் ஊரில் வரலாற்றுத் துறைக்குள் பெரும்பாலும் இந்திய வரலாறுதான், தமிழ்த் துறைக்குள் தமிழ்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆசியவியல் துறை மாதிரி ஓர் இடத்தில் ஜப்பானிய இலக்கியமும் இந்தோனேசிய மொழியும் சமஸ்கிருதமும் ஒரே துறையில் இருக்கின்றன. சோழர்களைப் பற்றி எழுதுகிறவர் சுமத்ராவைப் பற்றி எழுதுகிறவரோடு தினம் காபி குடிப்பார். ராஜேந்திர சோழனின் கடல் படையெடுப்பை அந்தக் கரையிலிருந்து பார்க்கிற ஒருவர் பக்கத்தில் இருந்தால் நம் கேள்விகளே மாறிவிடும்.

இந்தத் துறைகள் அன்பினால் மட்டும் வளர்ந்தவை இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். 1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விட்டது, மறு ஆண்டே அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது, அதன் ஆறாம் பிரிவில்தான் அயல்மொழிக் கல்விக்குப் பணம் ஒதுக்கினார்கள். பெயரிலேயே பாதுகாப்பு இருக்கிறது பாருங்கள். ஆனால் அந்தப் பணத்தில் படித்தவர்கள் எல்லோரும் அரசு நினைத்த வழியில் போகவில்லை. வியட்நாம் போரைக் கடுமையாக எதிர்த்தவர்களில் இந்தத் துறைகளின் பேராசிரியர்களும் மாணவர்களும் நிறையப் பேர் உண்டு.

கேள்வி: அங்கே பி.எச்.டி. மாணவரின் ஒரு வாரம் எப்படி இருக்கும்? (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதல் இரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடம் மாதிரியேதான். செமஸ்டருக்கு மூன்று பாடங்கள், அதில் ஒன்று மொழி. மொழி வகுப்பு வாரத்தில் நான்கைந்து நாள் வரும், பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கு. மற்றவை செமினார். வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் புத்தகம் படித்துவிட்டு, முந்தின ராத்திரிக்குள் இரண்டு பக்கம் எழுதி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். இதோடு டி.ஏ. வேலை, அதாவது பேராசிரியருக்குக் கற்பித்தல் உதவியாளராக இருப்பது, சேர்ந்துவிட்டால், ஒப்பந்தத்தில் வாரம் 20 மணி நேரம் என்றுதான் இருக்கும், ஆனால் விடைத்தாள் திருத்தும் வாரத்தில் தூக்கம் குறையும்.

மூன்றாம் ஆண்டு தகுதித் தேர்வு. மூன்று பேராசிரியர்களோடு பேசி மூன்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் ஐம்பது, அறுபது புத்தகம் என்று படித்துவிட்டு அவர்கள் முன் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகு கள ஆய்வு, அப்புறம் எழுத்து. மொத்தம் ஏழெட்டு ஆண்டு ஆவது சாதாரணம்.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்குப் பிடித்தது சின்ன வாசிப்பு வகுப்புகள். போன வருடம் ஒன்றில் ஐந்து பேர் இருந்தோம். ஆறு அடிதான் இருக்கும் ஒரு குறுந்தொகைப் பாட்டு, ஒரு பக்கம் உ.வே.சா. 1937-ல் போட்ட பதிப்பு, இன்னொரு பக்கம் ஜெர்மன் தமிழறிஞர் ஈவா வில்டன் 2010-ல் கொண்டுவந்த பதிப்பு. இரண்டு மணி நேரமும் எந்தச் சுவடிப் பாடத்தை ஏற்பது என்றே பேசினோம். நியூ ஜெர்சியில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண், இலங்கை பௌத்தம் படிக்கும் ஓர் அமெரிக்கர், சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்த ஒரு ஜெர்மானியர், இவர்கள் மூன்று பேரும் ஒரு அசைக்காக மல்லுக்கட்டினார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

கேள்வி: எனக்குத் தாய்மொழியே தமிழ். மொழி வகுப்பிலிருந்து விலக்கு கிடைக்குமா?

பதில்: தமிழுக்குக் கிடைக்கும். ஆனால் இன்னொரு மொழியைக் கையில் கொடுப்பார்கள். உங்கள் ஆய்வுக்கு ஏற்றபடி சமஸ்கிருதமோ பாரசீகமோ மலையாளமோ, அதோடு ஆய்வு நூல்களைப் படிக்க பிரெஞ்சு அல்லது ஜெர்மன். தயவுசெய்து இதைத் தண்டனையாக நினைக்காதீர்கள். அமெரிக்க மாணவர்கள் நம் மொழிக்கு மூன்று, நான்கு ஆண்டு செலவழித்து, கோடையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தமிழ் வகுப்புக்காக மதுரைக்கே வந்து, ஒரு குடும்பத்தோடு தங்கி, ஆட்டோக்காரரிடம் தமிழில் பேரம் பேசிப் பழகுகிறார்கள். நாமும் அந்த அளவு உழைப்பை இன்னொரு மொழிக்குக் கொடுக்கலாம்.

கேள்வி: பேராசிரியர்களுக்கு வாரம் நான்கைந்து மணி நேரம்தான் வகுப்பாமே, மிச்ச நேரம் என்ன செய்கிறார்கள்? (சேலத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, வகுப்பு நேரம் அவ்வளவுதான், உண்மை. மிச்ச நேரம் முழுக்க டென்யூர் என்கிற நிரந்தரப் பணி ஒரு கத்தியாகத் தலைக்கு மேல் தொங்கும். உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் சுமார் ஆறு ஆண்டுக்குள் பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒன்றில் புத்தகம் கொண்டுவந்திருக்க வேண்டும், அவரோடு சம்பந்தமில்லாத வெளி அறிஞர்கள் அதைப் படித்துக் கடிதம் எழுதுவார்கள், துறையும் கல்லூரியும் வாக்கெடுக்கும். கிடைக்காவிட்டால் ஒரு வருடத்தில் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் துறையில் இன்னொரு வகை ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி யாருமே கேட்கவில்லை. மொழி ஆசிரியர்கள். லெக்சரர் என்று பெயர், ஒரு வருடம் அல்லது மூன்று வருட ஒப்பந்தம் பல இடங்களில் இன்னும் உண்டு. பேராசிரியர் செமஸ்டருக்கு இரண்டு பாடம் எடுத்தால் லெக்சரர் மூன்று எடுப்பார், அதுவும் தினசரி வகுப்பு. தமிழுக்கு அமெரிக்க மாணவர்களை மனதில் வைத்து எழுதிய பாடநூல் குறைவு என்பதால் பாடம், பயிற்சித்தாள், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் அவரே தயார் செய்வார். வீட்டில் பாட்டி பேசுவது புரியும் ஆனால் 'அ' எழுதத் தெரியாத பிள்ளையும், எழுத்துகளை அச்சு மாதிரி எழுதிவிட்டு வாய் திறக்கப் பயப்படும் ஆய்வு மாணவரும் அவர் வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் நடத்த வேண்டும். அந்த வகுப்பு இல்லையென்றால் மேலே சொன்ன செமினாரும் இல்லை, ஆய்வும் இல்லை. இருந்தும் பல துறைகளில் அவருக்குத் துறைக் கூட்டத்தில் வாக்கு இல்லை, பட்ஜெட் சுருங்கினால் முதலில் அவர் வேலைதான் போகிறது. இதை மாற்ற வேண்டும் என்று நான் எங்கள் துறையில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

கேள்வி: ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு அவ்வளவு பணம் கொடுத்தோமே, பயன் உண்டா?

பதில்: உண்டு. 60 லட்சம் டாலர் திரட்டினார்கள், அதில் தமிழக அரசு கொடுத்தது 10 கோடி ரூபாய். அந்தப் பணத்தை அப்படியே செலவழிக்க மாட்டார்கள். முதலீடு செய்து, பொதுவாக ஆண்டுக்கு நான்கைந்து சதவீதம் எடுப்பார்கள், அதாவது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் முதல் மூன்று லட்சம் டாலர் வரை. ஒரு பேராசிரியரின் சம்பளமும் கொஞ்சம் ஆய்வுச் செலவும் அதில் நடக்கும். எந்தத் துணைவேந்தர் வந்தாலும் அந்த இடத்தை எடுத்துவிட முடியாது என்பது பெரிய விஷயம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜார்ஜ் ஹார்ட் தமிழ்ப் பேராசிரியராக இருந்து, தமிழ் ஏன் செம்மொழி என்று 2000-ல் எழுதிய கடிதத்தை இன்றும் நாம் எடுத்துக் காட்டுகிறோம். ஆனால் அடுத்த முறை நன்கொடை கொடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: இருக்கையோடு ஒரு மொழி ஆசிரியர் பணியையும் நிரந்தரமாக்கிக் கொடுங்கள். அதற்கு இவ்வளவு பணம் வேண்டியதில்லை.

கேள்வி: என் மகள் இதைத்தான் படிப்பேன் என்கிறாள். வேலை கிடைக்குமா? (கோவையிலிருந்து ஒரு தந்தை)

பதில்: மறைக்காமல் சொல்கிறேன். பேராசிரியர் வேலை கிடைப்பது கடினம், இப்போது இன்னும் கடினம். 2025-ல் அமெரிக்கக் கல்வித் துறையில் நடந்த ஆட்குறைப்பில் அயல்மொழி நிதியைக் கவனித்த பிரிவே காலியானது. அதே ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகம் கலை, மனிதவியல் பிரிவில் பல துறைகளுக்கு 2026-27 பி.எச்.டி. சேர்க்கையை நிறுத்தியது அல்லது குறைத்தது. தெற்காசியவியலில் தமிழ் தெரிந்தவருக்கென்று ஓர் ஆண்டில் வரும் வேலை விளம்பரங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நூலகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், பதிப்புத் துறை என்று வேறு வழிகள் இருக்கின்றன, அவை தோற்றவர்கள் போகிற இடம் இல்லை, நல்ல வேலைகள்.

அதனால் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: கட்டண விலக்கும் உதவித்தொகையும் ஐந்து ஆண்டுக்காவது எழுத்தில் தருகிற இடத்துக்கு மட்டும் போகட்டும். இந்தப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்காதீர்கள். அந்த உதவியோடு போனால், அந்த வருடங்களில் பிடித்த வேலையைச் செய்து சம்பளமும் வாங்கியவளாக இருப்பாள். பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

கேள்வி: விண்ணப்பத்துக்கு எப்போது தயாராக வேண்டும்?

பதில்: கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரில் வரும், ஆகவே ஜூன், ஜூலையிலேயே தொடங்குங்கள். மூன்று பரிந்துரைக் கடிதம், ஆய்வு நோக்க அறிக்கை, இருபது பக்கம் அளவில் உங்கள் சொந்த எழுத்து ஒன்று, இவைதான் முக்கியம். ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வைப் பல துறைகளில் இப்போது கேட்பதில்லை. எஃப்.எல்.ஏ.எஸ்., ஃபுல்பிரைட்-ஹேஸ் என்ற அமெரிக்க அரசு உதவித்தொகைகள் இரண்டும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்க உரிமை பெற்றவர்களுக்கும் மட்டும் என்று ஏற்பட்டவை, அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள். நீங்கள் சேர விரும்பும் பேராசிரியர் எழுதியதில் ஒரு கட்டுரையாவது படித்துவிட்டு, செப்டம்பரில் அவருக்குச் சுருக்கமாக மின்னஞ்சல் அனுப்பி, வரும் ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்று கேளுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் இன்னொரு முறை அனுப்பலாம், அதில் தப்பே இல்லை.