கைக்குழந்தையின் நெஞ்சுக்கூடு: ஒரு தாதியிடம் கேட்டவை

சிங்கப்பூரில் குழந்தை அறுவைச் சிகிச்சைப் பிரிவில் 26 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிறவியிலேயே நெஞ்சுக்கூடு கோணலாக அமைந்த குழந்தைகளின் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குழந்தையைத் தொட்டுப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான்.

கேள்வி (செங்காங், 3 மாத ஆண் குழந்தையின் அம்மா): அக்கா, மகனுக்கு நெஞ்சின் நடுவில் பள்ளம். மூச்சு இழுக்கும்போது இன்னும் உள்ளே போகிறது. இணையத்தில் தேடினால் நெஞ்சுக்குள் கம்பி வைக்கும் அறுவை என்று வருகிறது. சீக்கிரமே செய்துவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம், தங்கச்சி. இந்த வயதில் நெஞ்செலும்பும் விலாவின் முன்பக்கமும் பெரும்பாலும் குருத்தெலும்புதான், காது மடல் போல வளையும். மூக்கடைப்போ குரல்வளைத் தளர்ச்சியோ இருந்தால் குழந்தை பலமாக மூச்சை இழுக்கும், அந்த இழுப்பில் நெஞ்சு உள்ளே போகும். நன்றாகத் தூங்கும்போது சட்டையைத் திறந்து பாருங்கள். பள்ளம் அப்படியே இருந்தால் அது குழிந்த மார்பாக இருக்கலாம். மூச்சுக்கு மூச்சு வந்து போனால் முதலில் பார்க்க வேண்டியது மூச்சுப் பாதையை.

குழிந்த மார்பு அரிதானது இல்லை. சுமார் 300 முதல் 400 குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கிறது, ஆண் பிள்ளைகளிடம் அதிகம். கைக்குழந்தைப் பருவத்தில் பெரும்பாலும் இதயத்தையோ நுரையீரலையோ தொந்தரவு செய்யாது. நீங்கள் படித்த கம்பி, அமெரிக்க மருத்துவர் டொனால்டு நஸ் 1987-ல் தொடங்கிய முறை. வளைத்த உலோகப் பட்டையை நெஞ்செலும்புக்குப் பின்னால் செலுத்தித் திருப்பி, பள்ளத்தை வெளியே தள்ளுவார்கள். சுமார் 3 ஆண்டு கழித்து அதை எடுத்துவிடுவார்கள். இப்போது இது பெரும்பாலும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத்தான்.

சீக்கிரம் செய்தால் நல்லதுதானே என்று முன்பு மருத்துவர்களும் நினைத்தார்கள். 1949-ல் வந்த ராவிச் முறையில் கோணிய குருத்தெலும்புகளை வெட்டி எடுத்து நெஞ்செலும்பை நிமிர்த்துவார்கள். அதைச் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கும் செய்தார்கள். எலும்பு வளர வேண்டிய இடமே சேதமானதால், சிலருக்கு உடல் வளர்ந்தும் நெஞ்சுக்கூடு வளரவில்லை, மூச்சுக்கே இடமில்லாமல் இறுகிவிட்டது. 1996-ல் ஹாலர் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதை எழுதி எச்சரித்தார்கள். அதனால்தான் மருத்துவர் "காத்திருக்கலாம்" என்கிறார். தட்டிக் கழிக்கிறார் என்று நினைக்காதீர்கள். உங்களுடைய வேலை அவனுடைய எடையையும் மூச்சையும் கவனிப்பது. அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் கீழ் 60, அதற்கு மேல் ஒரு வயதுவரை 50. அந்த அளவை எட்டினால், அல்லது பால் குடிக்கையில் வியர்த்துப் பாதியில் விட்டால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். உதடு நீலமானால் 995-ஐ அழையுங்கள்.

கேள்வி (ஈசூன்): மாமியார் தினமும் எண்ணெய் தேய்த்து நெஞ்சை நீவி எடுத்துவிட்டால் பள்ளம் சரியாகும் என்கிறார்.

பதில்: எண்ணெய் தேய்க்கட்டும், பாட்டியின் கை பட்டால் குழந்தைக்குச் சுகம்தான். ஆனால் அழுத்தவோ உருட்டவோ கூடாது. பள்ளம் அதனால் மேலே வராது, இளம் விலாவுக்கு அடிபடலாம். மூக்கில் ஊதுவதும் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

கேள்வி (தெம்பனிஸ்): நெஞ்செலும்பு முடியும் இடத்தில் சின்னக் கட்டி போல ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. கட்டியா, மிஸ்ஸி?

பதில்: பெரும்பாலும் அது நெஞ்செலும்பின் வால் நுனி. நம் எல்லாருக்கும் உண்டு, பிஞ்சு உடம்பில் கொழுப்பு குறைவாக இருப்பதால் வெளியே தெரிகிறது. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் காட்டுங்கள், போதும்.

கேள்வி (பொங்கோல், அப்பா): மகளுக்குப் பிறந்த அன்றே நெஞ்செலும்பு நடுவில் சேரவில்லை என்றார்கள். அழுதால் அந்த இடம் பலூன் மாதிரி எழும்புகிறது, துடிப்பு கண்ணுக்குத் தெரிகிறது. சில வாரத்துக்குள் அறுவை என்கிறார்கள். மற்றவர்களிடம் காத்திருக்கச் சொல்கிறீர்கள். எங்களுக்கு ஏன் இந்த அவசரம்?

பதில்: இது வேறு, தம்பி. கருவில் நெஞ்செலும்பு இரண்டு பட்டைகளாகத்தான் தோன்றும். சுமார் 10 வாரத்துக்குள் அவை நடுவில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் போனதால் உங்கள் மகளின் இதயத்துக்கு முன்னால் தோலும் மெல்லிய திசுவும் மட்டும் இருக்கின்றன. பிறந்த சில வாரங்களில் கூடு இளகி இருக்கும், இரண்டு ஓரத்தையும் இழுத்து நேராகத் தைத்துவிடலாம். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் கூடு இறுகி, உள்ளே இதயமும் விரிந்து இடம் பிடித்திருக்கும். அப்போது குருத்தெலும்பை வெட்டி நகர்த்தவோ ஒட்டு வைக்கவோ நேரலாம். அங்கே காத்திருப்பது எதற்கு நல்லதோ, இங்கே முந்துவதும் அதற்குத்தான். இரண்டிலும் பார்ப்பது மூச்சுக்கும் இதயத்துக்கும் இடம் இருக்கிறதா என்றுதான்.

அறுவைக்கு முன் இதயத்தை ஸ்கேன் எடுப்பார்கள், கூடவே வேறு குறை இருக்கலாம் என்பதால். முகத்தில் சிவப்பு ரத்தநாள மச்சம் இருந்தால் மறக்காமல் காட்டுங்கள், மூளை ரத்தநாளங்களையும் சோதிக்க வேண்டி வரலாம். அறுவை அறையில் ஓரங்களைச் சேர்த்துப் பார்க்கும் நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று எல்லார் கண்ணும் திரையில் இருக்கும். இறங்கினால் தளர்த்தி, வேறு வழி பார்ப்பார்கள்.

இப்படி ஒரு குழந்தையை நான் இரவு வேலையில் பார்த்துக்கொண்டேன். துணி மாற்றும்போது என் விரல் நுனிக்குக் கீழே இதயம் சின்ன மீன் போலத் துள்ளியது. அவளுடைய அம்மா மூன்று நாள் தொடவே இல்லை, கையைக் கட்டிக்கொண்டு கட்டிலருகில் நின்றாள். அறுவை முடிந்து குழாய்களை எடுத்த பிறகு முதல் தடவை நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, "கெட்டியா இருக்கு சிஸ்டர்" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): வலது மார்பில் தசையே இல்லை, அந்தக் கையில் இரண்டு விரல்கள் ஒட்டியிருக்கின்றன.

பதில்: போலந்து குறைபாடாக இருக்கலாம். நாட்டின் பெயர் இல்லை, 1841-ல் இதை விவரித்த ஆல்ஃபிரட் போலந்தின் பெயர். வலது பக்கம்தான் அதிகம் வரும். விரல்களைப் பிரிக்கும் அறுவை முதலில், சின்ன வயதிலேயே. விலா எலும்பும் இல்லாமல் மூச்சுக்குத் தொந்தரவு இருந்தால் தவிர, மார்பைச் சரிசெய்வது வளர்ந்த பிறகு.

கேள்வி: நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். முதல் குழந்தைக்கு விலா எல்லாம் குட்டையாக, நெஞ்சு மிகவும் குறுகலாக இருந்தது. ஜூன் (Jeune) நோய் என்றார்கள், குழந்தை தங்கவில்லை. அடுத்த குழந்தை?

பதில்: அம்மா, உங்கள் இழப்புக்கு என்ன சொல்வது. அது நீங்கள் சாப்பிட்டதாலோ செய்ததாலோ வந்தது இல்லை, இதை முதலில் நம்புங்கள். இருவரிடமும் ஒளிந்திருந்த ஒரே மரபணுக் குறை குழந்தையிடம் சேர்ந்தால் இந்த நோய் வரும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் 4-ல் 1 வாய்ப்பு, 4-ல் 3 இல்லாத வாய்ப்பு. கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: செலவு?

பதில்: பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம். குடியுரிமை உள்ள குழந்தைக்கு மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்பீடு பிறந்த நாள் முதல் உண்டு, பிறவிக் குறைகளும் அதில் சேரும். மீதிக்கு மருத்துவச் சமூக ஊழியரிடம் கூச்சப்படாமல் பேசுங்கள்.

கேள்வி (மறுபடி பொங்கோல் அப்பா): அறுவை நல்லபடியாக முடிந்தது, அக்கா. நாளை வீட்டுக்கு வருகிறோம். தூக்கவே பயம்.

பதில்: மகராசியாக இருக்கட்டும்! அக்குளில் கை கொடுத்து மட்டும் தூக்காதீர்கள், தையல் இழுபடும். ஒரு கை கழுத்துக்கும் முதுகுக்கும் கீழே, ஒரு கை புட்டத்துக்கு அடியில். மண்வெட்டியில் மண் அள்ளுவது போல மொத்தமாக அள்ளுங்கள். மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம், எல்லாரும் இப்படித்தான். தாத்தா பாட்டிக்கும் நீங்களே செய்து காட்டுங்கள். ஏப்பத்துக்கு மடியில் சாய்த்து உட்கார வைத்து முதுகைத் தடவினால் போதும். அப்புறம், இன்று ராத்திரி வார்டில் தாதி பக்கத்தில் இருக்கும்போதே இரண்டு தடவை தூக்கிப் பழகுங்கள்.