மாநில அரசு நிறுவனத்தில் அபாயகரமான கழிவும் எரிபொருள் சேமிப்பும் பார்க்கும் வேலை எப்படி இருக்கும்? எங்கே தொடங்குவது?

கேள்வி கேட்டவர் சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவர். அரசுப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் டிப்போக்களின் டீசல் டேங்குகளையும் ஆயில், பேட்டரிக் கழிவுகளையும் கவனிக்கும் பொறுப்பு வந்திருக்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும், தனியாகப் படிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இதே மாதிரி ஒரு நிறுவனத்தில் இதே வேலையைப் பல வருடங்கள் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

பதவியேற்ற முதல் வாரத்தில் சட்டப் புத்தகம், பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) லைசென்ஸ், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி ஆணை என்று ஃபைல்களை மேசையில் அடுக்குவார்கள். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் டிப்போ டீசல் பங்கில் இருக்கும் டிப் ரெஜிஸ்டரை, அதாவது டேங்க்கில் அளவுக் குச்சியை இறக்கித் தினமும் எடுக்கும் டீசல் கணக்கு நோட்டை, கேட்டு வாங்குங்கள். தரைக்கு அடியில் இருக்கும் டேங்க்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஜன்னல் பெரும்பாலும் அதுதான். பல டிப்போக்களில் தானியங்கி அளவீட்டுக் கருவி இருக்காது, இருந்தாலும் பாதி நாள் ரிப்பேரில் இருக்கும்.

காலையில் டிப் ஸ்டிக்கை இறக்கி, நனைந்த அளவை சார்ட்டில் பார்த்து எத்தனை லிட்டர் என்று எழுதுகிறார்கள். வந்த லோடைக் கூட்டுகிறார்கள், பம்ப் மீட்டர்படி வண்டிகளுக்குப் போட்டதைக் கழிக்கிறார்கள். மறுநாள் டிப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

வித்தியாசம் மூன்று இடங்களிலிருந்து வரும். ஒன்று, பம்ப். 5 லிட்டர் அளவைக்கு 25 மில்லி வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று எடையளவு விதியே அனுமதிக்கிறது. அதாவது அரை சதவீதம். நூறு வண்டி ஓடும் டிப்போவில் ஒரு நாளைக்கு 6,000 லிட்டர் போடுகிறார்கள் என்றால், விதிக்கு உட்பட்ட பம்ப்பிலேயே 30 லிட்டர் வித்தியாசம் வந்துவிடும். இரண்டாவது, வெப்பம். டீசல் ஒரு டிகிரி குளிர்ந்தால் 10,000 லிட்டருக்குச் சுமார் 8 லிட்டர் சுருங்கும். மே மாத வெயிலில் நின்று வந்த 12,000 லிட்டர் லோடு, மண்ணுக்குள் இறங்கி 10 டிகிரி குளிர்ந்தால் சுமார் 100 லிட்டர் ‘காணாமல்’ போகும். யாரும் திருடவில்லை, எங்கும் ஒழுகவும் இல்லை. மூன்றாவதுதான் கசிவு.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. பம்ப் பிழை, எவ்வளவு டீசல் போட்டோமோ அதற்கேற்ப ஏறி இறங்கும். வெப்பச் சுருக்கம், லோடு வந்த நாளைச் சுற்றியே வரும். டேங்க் கசிவுக்கு வண்டி ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான்: நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே இருக்கும். டேங்க் நிறைந்திருக்கும்போது வேகமாகவும், மட்டம் இறங்க இறங்க மெதுவாகவும் போகும். ஓட்டைக்குக் கீழே மட்டம் வந்துவிட்டால் நின்றுவிடும். நிலத்தடி நீர் மேலே இருக்கும் ஊரில் மழைக்காலத்தில் இது தலைகீழாகவும் நடக்கும். தண்ணீர் உள்ளே வரும், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் வாட்டர் பேஸ்ட் தடவிய ஸ்டிக்கின் அடிப்பகுதி நாளுக்கு நாள் அதிகமாக நிறம் மாறும். குழாயில் கசிவு இருந்தால் பம்ப் ஓடும்போது மட்டும் குறைவதும் உண்டு. அதனால் பம்ப் பிழையையும் குழாய்க் கசிவையும் கணக்கை வைத்து மட்டும் பிரித்துவிட முடியாது. அளவையை வைத்து பம்ப்பைச் சோதித்த பிறகுதான் முடிவுக்கு வர முடியும்.

நாளைக்கு 30 லிட்டர் கசிவு என்றால் வருடத்துக்குச் சுமார் 11,000 லிட்டர். பம்ப் பிழையின் எல்லைக்குள் பத்திரமாக ஒளிந்துகொள்ளக்கூடிய அளவு இது. ரெஜிஸ்டர் உண்மையாக எழுதப்பட்டிருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

அரசு நிறுவனத்தில் இந்த வேலையின் கஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது. நான் பார்த்த ஒரு டிப்போவில் வருடம் முழுவதும் தினசரி வித்தியாசம் 2 லிட்டர், 3 லிட்டர் என்றே எழுதியிருந்தது. மே மாதத்திலும் அப்படித்தான், லோடு வந்த நாளிலும் அப்படித்தான். இவ்வளவு ஒழுங்கான டேங்க் உலகத்தில் கிடையாது. பங்கில் நைட் ஷிஃப்ட் பார்த்த ஊழியரிடம் தனியாக உட்கார்ந்து கேட்டேன். “சார், ஷார்ட்டேஜ் காட்டினா சம்பளத்துல பிடிப்பாங்க. நான் எதுக்கு சார் காட்டணும்?” என்றார். மீட்டரைப் பார்த்து, டிப் எவ்வளவு வர வேண்டுமோ அதைக் கணக்குப் போட்டு எழுதிவிட்டு, ஸ்டிக்கைச் சும்மா நனைத்து வைப்பதுதான் வழக்கம். ஸ்டிக்கில் அளவுக் கோடுகள் தேய்ந்துபோய்ப் படிக்கவே முடியாத நிலையில் இருந்தன. யாரும் படிக்காததால் அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. திருட்டைத் தடுக்க யாரோ எப்போதோ போட்ட பிடித்தம் உத்தரவு, கசிவைக் கண்டுபிடிக்கும் ஒரே கருவியைக் குருடாக்கிவிட்டது. இந்தத் துறையில் நான் உறுதியாக நம்புவது இதுதான்: அளவு எடுப்பவரின் பாக்கெட்டிலிருந்து நஷ்டத்தைப் பிடிக்கும் முறை இருக்கும்வரை உங்கள் கையில் இருக்கும் எண்கள் எதற்கும் உதவாது. அதனால் வந்தவுடன் முதல் குறிப்பு இதைப் பற்றித்தான் எழுதுங்கள். ‘குறிப்பிட்ட அளவு வரை விசாரணை மட்டும், பிடித்தம் இல்லை, அதற்கு மேல் போனால் பம்ப் சோதனை, டேங்க் சோதனை முடிந்த பிறகே பொறுப்பு நிர்ணயம்’ என்று சுற்றறிக்கை வாங்குங்கள். கணக்குப் பிரிவு எதிர்க்கும், தணிக்கை ஆட்சேபணை வரும் என்பார்கள். மேலே நான் சொன்ன வெப்பச் சுருக்கக் கணக்கை அப்படியே இணைப்பாக வையுங்கள். தணிக்கையாளருக்கு எண் புரியும்.

எங்களுக்கு அந்தச் சுற்றறிக்கை கிடைக்க வெகுநாள் ஆனது. வந்த பிறகு ரெஜிஸ்டர்கள் அலங்கோலமாயின: ஒரு நாள் 40 குறைவு, மறுநாள் 25 அதிகம். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். பிறகு 2020 ஊரடங்கு வந்தது. வண்டிகள் டிப்போவிலேயே நின்றன, லோடும் வரவில்லை. எந்தச் செலவும் இல்லாமல் எல்லா டேங்க்குக்கும் ஒரே நேரத்தில் கசிவுச் சோதனை. ஒரு டிப்போவில் மட்டும் வண்டி ஒன்றும் கிளம்பாமலே மட்டம் இறங்கியது, ஓர் அளவுக்கு வந்து நின்றது. டேங்கைக் காலி செய்து, வாயு இல்லை என்று மீட்டர் வைத்து உறுதி செய்துவிட்டு உள்ளே பார்த்தபோது, அதே உயரத்தில் பக்கவாட்டு வெல்டிங் ஓரம் அரித்திருந்தது. சுற்றியிருந்த மண்ணைக் கையில் எடுத்தாலே டீசல் வாடை. அந்த மண்ணும் அபாயகரமான கழிவுதான். அதையும் முறைப்படி அனுப்ப வேண்டியிருந்தது.

இதை இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் டீசல் விலை மட்டும் இல்லை. 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு போர்வெல்லில் எண்ணெய் வந்தது. அந்தத் தெருக்காரர்களுக்கு நல்ல தண்ணீரைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்தப் பகுதிக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். நம் டிப்போக்கள் பெரும்பாலும் ஊருக்கு நடுவில், மதில் சுவருக்கு அந்தப் பக்கமே வீடுகள் இருக்கும் இடங்களில்தான் இருக்கின்றன.

அடுத்து தீ. டீசல் பெட்ரோலிய விதிகளில் ‘பி’ வகுப்பு, பெட்ரோல் அளவுக்குச் சட்டென்று பற்றாது. அந்தத் தைரியத்தில்தான் அலட்சியம் வருகிறது. டேங்கர் இறக்கும்போது, நிலை மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த்திங் கிளிப்பைப் பெயின்ட் அடித்த இடத்தில் மாட்டுவார்கள். கிளிப் இருக்கும், மின்தொடர்பு இருக்காது. உரசிப் பளபளக்கும் உலோகத்தில் மாட்டச் சொல்லுங்கள். அந்த டேங்கர் முந்தைய நடையில் பெட்ரோல் ஏற்றி வந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் அனுப்பக் குழாய் வால்வை இயக்கும்போது கசிந்த பெட்ரோலின் ஆவி வெடித்து 11 பேர் இறந்தார்கள். அளவு வேறு, பொருள் வேறு. ஆனால் தினமும் செய்யும் வேலையின் ஒரு படியில் நடந்த தவறுதான் அங்கேயும்.

லைசென்ஸ் விஷயத்தில் ஒன்றே ஒன்று. 2,500 லிட்டருக்குள், எந்தப் பாத்திரமும் 1,000 லிட்டருக்கு மேற்படாமல் இருந்தால் டீசலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. டிப்போ டேங்க்குகள் எல்லாம் அதைவிடப் பெரியவை, அதனால் பெசோ உரிமம் கட்டாயம். அந்த உரிமத்தோடு ஒப்புதல் பெற்ற வரைபடம் ஒன்று இருக்கும். அதை எடுத்துக்கொண்டு பங்கைச் சுற்றி நடங்கள். வரைபடத்தில் இல்லாத டயர் ஷெட், டீக்கடை, வெல்டிங் கொட்டகை ஏதாவது டேங்க்கின் ஆவி வெளியேறும் வென்ட் பைப்புக்குப் பக்கத்தில் முளைத்திருக்கும். சிவில் பிரிவு கட்டியிருக்கும், உங்கள் பிரிவிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி கழிவு. ஓடித் தேய்ந்த எஞ்சின் ஆயில், ஃபில்டர், எண்ணெய் துடைத்த வேஸ்ட் பஞ்சு, காலி ஆயில் பேரல், வண்டி கழுவும் தண்ணீரைச் சுத்திகரிக்கும்போது வரும் சேறு ஆகியவை 2016-ம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளுக்குள் வரும். பழைய பேட்டரிக்கு 2022-ல் வந்த தனி விதி இருக்கிறது. வாரியத்தின் அனுமதி, 90 நாளுக்குள் அகற்றுவது, வருடா வருடம் ஜூன் 30-க்குள் நான்காம் படிவத்தில் ஆண்டு அறிக்கை என்று அலுவலக வேலைகள் உண்டு. சிறிய அளவில் கழிவு உண்டாக்குபவர்களுக்கு வாரியம் 90 நாளை நீட்டித்தும் கொடுக்கும். இதெல்லாம் ஒரு காலண்டர் போட்டால் முடிந்துவிடும்.

முடியாதது ஒன்று இருக்கிறது. பயன்படுத்திய ஆயில் எங்கள் நிறுவனத்தில் கழிவு என்று யார் கண்ணிலும் படவில்லை. ஸ்டோர்ஸ் பிரிவுக்கு அது ஏலத்தில் விற்கும் பொருள், வருமானம். அதிக விலை கேட்பவருக்குக் கொடுக்காவிட்டால் கேள்வி வரும். ஆனால் அனுமதியில்லாத ஆள்தான் எப்போதும் அதிக விலை கேட்பார். அவருக்குச் சுத்திகரிப்புச் செலவு கிடையாதே. அந்த ஆயில் ஏதாவது சூளையில் அப்படியே எரியும், அல்லது கலப்பட எண்ணெயாகத் திரும்பி வரும். அதனால் ஏல நிபந்தனையிலேயே, வாரியத்தின் செல்லுபடியாகும் அனுமதி உள்ள மறுசுழற்சியாளர்கள் மட்டும் என்று போட்டு, அனுமதிக்கப்பட்ட கொள்ளளவையும் சரிபார்க்க வேண்டும். ஏலம் முடிந்த பிறகு ஆட்சேபித்தால் உங்கள்மேல்தான் சந்தேகம் திரும்பும்.

கழிவை வண்டியில் ஏற்றி அனுப்பும்போது மேனிஃபெஸ்ட் என்ற அனுப்புச் சீட்டு ஏழு நகல் போடுவீர்கள். அனுப்பியதோடு வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வாங்கியவர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும் நீல நகல் வந்ததா என்று பாருங்கள், அதில் இருக்கும் எடையை உங்கள் எடையோடு ஒப்பிடுங்கள். நகல் வரவே இல்லை என்றால் தொலைபேசியில் கேட்டு விட்டுவிடாமல் எழுத்தில் கேளுங்கள், வாரியத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

இந்த விஷயத்தில் மேலதிகாரிகளைக் கவனிக்க வைக்க ஒரு வழி சொல்கிறேன். 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், அரசுத் துறை விதியை மீறினால் துறைத் தலைவரையே பொறுப்பாக்குகிறது. தமிழ்நாட்டுப் போக்குவரத்துக் கழகங்கள் கம்பெனிகளாகப் பதிவானவை என்பதால் அவற்றுக்குக் கம்பெனிகளுக்கான பிரிவு பொருந்தும். குறிப்பு எழுதும்போது எந்தப் பிரிவு உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்தும் என்று பார்த்து, ஒரே வரியில், மரியாதையாக, முதல் பக்கத்திலேயே போடுங்கள். மிரட்டலாக எழுத வேண்டாம். எனக்குத் தெரிந்து அந்த ஒரு வரி, பத்துப் பக்க அறிக்கையைவிட வேகமாக ஃபைலை நகர்த்தியிருக்கிறது.

பணம் கேட்கும்போது ‘சுற்றுச்சூழல் திட்டம்’ என்று தனியாகக் கேட்காதீர்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். ஆயில் பேரல்களுக்குக் கூரை, சிந்தினால் தேங்கும்படி சுற்றிலும் குட்டைச் சுவர், சிமென்ட் தரை எல்லாவற்றையும் டிப்போ பராமரிப்பு மதிப்பீட்டுக்குள் சேர்த்துவிடுங்கள். மழைத் தண்ணீரில் ஆயில் மிதந்து சாக்கடைக்குப் போவது நிற்பதுதான் நமக்கு வேண்டியது, எந்தத் தலைப்பில் பணம் வந்தால் என்ன?

கடைசியாக, படிப்பு. தொழிற்சாலைப் பாதுகாப்பில் டிப்ளமா இருந்தால் நல்லது. சென்னை தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் நடத்துகிறார்கள், அரசு ஊழியரை நிறுவனமே அனுப்பி வைக்கவும் வாய்ப்பு உண்டு, கேட்டுப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாரம் நைட் ஷிஃப்டில் பங்கில் இருங்கள். வண்டிகள் கடைசி நடை முடிந்து வந்து டீசல் பிடிப்பது ராத்திரியில்தான். அதிகாரிகள் யாரும் இல்லாத அந்த நேரத்தில் யார் எந்த விதியைத் தாண்டிப் போகிறார்கள், ஏன் தாண்டுகிறார்கள் என்று அங்கே இருப்பவர்களே சொல்வார்கள். போகும்போது நோட்டுப் புத்தகம் வேண்டாம், டார்ச் எடுத்துப் போங்கள், அதுவும் தீப்பொறி வராத வகை.