டாக்டர் வேண்டாம், நரம்பு ஆராய்ச்சிதான் என்கிறாள் மகள்

அன்புள்ள சகோதரி,

நீங்கள் டாக்டருக்குப் படிக்க வைக்க நினைத்திருக்க, கோத்தகிரியில் பத்தாம் வகுப்பு முடித்த உங்கள் மகள் நரம்பு ஆராய்ச்சிதான் என்று பிடிவாதமாக நிற்கிறாள். பசுந்தேயிலை விலையை நம்பி நடக்கும் குடும்பத்தில், ‘ஆராய்ச்சிக்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள்?’ என்ற பயம் வரத்தான் செய்யும். அதற்கு வருகிறேன். அதைவிட அவசரமான விஷயம் ஒன்று: கணக்கு வரவில்லை என்று சொல்லி, கணிதம் இல்லாத குரூப்பில் அவளைச் சேர்த்துவிடாதீர்கள்.

நரம்பு வேலை செய்வதே மின்சாரத்தால்தான். ஓய்வில் இருக்கும் நரம்பு செல்லின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் சுமார் 70 மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். தொட்டாலோ சுட்டாலோ செல்லின் சவ்வில் உள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) பாயும். அதில் எழும் மின்துடிப்புதான் மூளைக்குப் போகும் சேதி. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் 1952இல் இந்தத் துடிப்பைச் சமன்பாடுகளாகவே எழுதிக் காட்டினார்கள். இங்கே உயிரியல் மட்டும் தெரிந்தால் போதாது.

உங்கள் ஊர் யூகலிப்டஸ் தைலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் தடவினால் சில்லென்கிறதே, ஏன்? அதிலுள்ள சினியோல் என்ற வேதிப்பொருள், குளிரை உணர்வதற்கென்றே இருக்கும் டிஆர்பிஎம்8 என்ற வாயிலைத் திறந்துவிடுகிறது. மூளையும் குளிர் என்றே எடுத்துக்கொள்கிறது. அந்த வாயிலை 2002இல் புதினாவில் உள்ள மெந்தாலை வைத்து டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் என்ற விஞ்ஞானிகள் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். தொடு உணர்வைத் தேடிய படபூட்டியன் குழு, 72 மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து பார்த்தது. தேடியது கிடைத்தது கடைசி மரபணுவில்! 2021இல் இருவருக்கும் நோபல் பரிசு. போர் நடந்த லெபனானை விட்டு 1986இல் அமெரிக்கா போனவர் படபூட்டியன். மருத்துவக் கல்லூரிக்கு நல்ல பரிந்துரைக் கடிதம் கிடைக்குமே என்று ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தவர், ஆராய்ச்சியை விட்டு வரவே இல்லை. இதை மகளிடம் சொல்லுங்கள். அந்த 71 ஏமாற்றங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் அவள் ஆசை குறையாவிட்டால், தைரியமாக அனுப்பலாம்.

சரி, வழி என்ன? பிளஸ் டூ முடித்து, ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வு எழுதலாம். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் 15 கேள்விகள் வீதம் வரும். கணிதத்தை விட்டால் கால் பங்கு அங்கேயே போய்விடும். திருப்பதி, திருவனந்தபுரம் ஐசர்கள் உங்களுக்குப் பக்கம், ஐந்தாண்டுப் படிப்பு. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் இளநிலை அறிவியல் படித்துவிட்டு, ஜாம் என்ற முதுநிலை அறிவியல் நுழைவுத் தேர்வு வழியாக ஐஐடியில் எம்.எஸ்சி. சேர்வதும் நல்ல வழிதான், செலவும் குறைவு. நீட்டையும் எழுதட்டும், தடுக்காதீர்கள். பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் மருத்துவர்களும் நரம்பு ஆராய்ச்சி செய்கிறார்கள்.

இனி பணம். முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போது மத்திய அரசு அமைப்புகளான சிஎஸ்ஐஆர், யுஜிசி தரும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படியும் உண்டு. அந்தக் கட்டத்தில் அவள் உங்களிடம் கை நீட்ட வேண்டியிருக்காது. ஆனால் நிரந்தர வேலை பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டித்தான் அமையும். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்யாணப் பேச்சு எழும்போது வீட்டில் அவள் பக்கம் நிற்க ஒருவர் வேண்டும், அது நீங்களாக இருந்தால் நல்லது.

பிளஸ் ஒன் சேர்க்கை முடிவதற்குள் தலைமையாசிரியரைப் பார்த்து, கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்பைக் கேளுங்கள். முக்கோணவியலில்தான் தடுமாறுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு இந்த விடுமுறையே போதும்.